எதிராளி வாயால் ஓர் ஆமாம்

நாத்தனாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லும் பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது பார்த்துக்கொள்ளுங்கள், நான் சொல்லப்போகிறேன். ஆனால் எடுத்த எடுப்பிலேயே புகழ மாட்டேன். இத்தனை வருடம் ஒரே வீட்டில் அவர் மாடியிலும் நான் கீழேயுமாகக் காலம் தள்ளியிருக்கிறேன். முதலில் கொஞ்சம் குறை சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

அவர் என் கணவருக்கு அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "பொண்ணு பார்க்க வந்தவங்க யாருமே நான் பேசி முடிக்கிற வரைக்கும் உட்காரல" என்பார். மாடியில் அவருக்குத் தனி அடுப்பு. ஆரம்பத்தில் ஒன்றாகச் சமைத்துப் பார்த்தோம், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. உப்பு போதுமா என்று கேட்டால் போதும் அல்லது போதாது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? "எனக்குப் போதும். ஆனா போதாதுன்னு சொல்றவங்க பக்கத்திலயும் ஒரு நியாயம் இருக்கு, இல்லையா?" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்குள் அடுப்பில் இருப்பது அடிப்பிடித்துவிடும்.

சரி, பள்ளிக்கூடத்துக்குப் போனாலாவது தப்பிக்கலாம் என்றால் அங்கேயும் இவர்தான். இருவருக்கும் ஒரே மேல்நிலைப் பள்ளி. நான் வேதியியல், அவர் இலக்கியம். என் ஆய்வகத்துக்கு அடுத்த அறைதான் அவருடைய வகுப்பு. நடுவில் கனமான சுவர் இருந்தாலும் கூரையை ஒட்டி வரிசையாகக் காற்றுத் துவாரங்கள். அவற்றின் வழியாக என் புகை அங்கே போகும், அவர் பேச்சு இங்கே வரும். யாருக்கு அதிக நஷ்டம் என்று எங்களுக்குள் ஒரு வழக்கு ரொம்ப நாளாக நடக்கிறது.

வருடா வருடம் இரண்டாம் பருவத்தில் பதினோராம் வகுப்புக்குப் புரட்சிக்காலத்து எழுத்து என்று ஒரு பகுதி வரும். ராஜாவை இறக்கிய காலத்தில் ஜனங்கள் எழுதி அச்சடித்துக் கைக்குக் கை கொடுத்த துண்டறிக்கைகள், மேடைப் பேச்சுகள், மனுக்கள். படிப்பவர் மனதை மாற்றுவது எப்படி என்று மாணவர்கள் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். நான் புதிதாகக் கல்யாணமாகி வந்த வருடம் அக்கா இதை முழக்கமாகத்தான் நடத்தினார். மேசையைத் தட்டுவார், பிள்ளைகள் கைதட்டுவார்கள், என் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்கள் கிடுகிடுக்கும். ஒரு நாள் மாலை கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தவர் அத்தனையையும் தரையில் தள்ளிவிட்டார்.

"எல்லாரும் ராஜாவைத் திட்டியிருக்காங்க. ஒருத்தன்கூட ராஜாகிட்ட பேசல" என்றார்.

"ராஜாதான் செத்துட்டாரே, யார்கிட்ட பேசறது?" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிரவு மாடியில் விளக்கு அணையவும் இல்லை.

மறுநாளிலிருந்து பாடம் தலைகீழாக மாறிவிட்டது. பாடப் புத்தகத்தில் சுங்கச்சாவடியை எதிர்த்து ஒரு வண்டிக்காரர் எழுதிய துண்டறிக்கை இருக்கிறது. அதற்கு ராஜாவின் மந்திரி எழுதிய பதில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். தேர்வுக்கு வராது என்பதால் எந்த ஆசிரியரும் அதைச் சீண்ட மாட்டார். அக்கா அதைத்தான் முதலில் எடுத்தார். பாலம் கட்டியது யார்? வழியில் கொள்ளைக்காரனை விரட்டியது யார்? அந்தக் காசு வானத்திலிருந்தா கொட்டும்? மந்திரி கேட்டதையெல்லாம் அவர் கேட்கக் கேட்க, சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற நானே சாவடியில் போய்க் காசு கட்டிவிட்டு வரலாமா என்று நினைத்தேன்.

பிள்ளைகள் எல்லாரும் மந்திரி பக்கம் சாய்ந்த பிறகுதான் வண்டிக்காரரை வாசித்தார். "பாலம் நல்ல பாலம். என் மாடு அதைத் தாண்டும்போது பயப்படுவதில்லை. சாவடியைத் தாண்டும்போது நான்தான் பயப்படுகிறேன்." இது அந்தத் துண்டறிக்கையில் வரும் வரி. அக்கா நிறுத்திவிட்டுக் கேட்டார்: "பாலத்தை ஏன் முதல்ல நல்ல பாலம்னு சொன்னாரு?" "மந்திரியே அதுக்கு ஆமாம்னு சொல்வாரே மிஸ்!" என்று ஒரு பையனின் குரல் துவாரம் வழியாக வந்தது.

அதிலிருந்து பிறந்ததுதான் 'ஆமாம் வாங்குவது'. அவர் வகுப்பில் யாரும் தன் பக்கத்தை நேரடியாக எழுத முடியாது. எதை எதிர்க்கிறாயோ அதை நம்புகிற ஒரு ஆளைத் தேடிப் போக வேண்டும். அவர் பக்கத்தை எழுதி அவர் முன்னாலேயே வாசிக்க வேண்டும். "ஆமா, நான் நினைக்கறது இதுதான்" என்று அவர் வாயால் வர வேண்டும். அதன் பிறகே உன் பக்கம். ஆமாம் வராவிட்டால் திரும்பத் திரும்பப் போக வேண்டியதுதான். ஒரு பையன், தன் கைபேசியைப் பிடுங்கி வைத்த அம்மாவிடம் போய் அம்மாவின் நியாயத்தை உருகி உருகி வாசித்தான். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் சொன்னார். தன் நியாயம் தனக்கே அப்போதுதான் முழுதாக விளங்கியதாம். கைபேசியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பையன் தலையில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றான். "அருமையா எழுதியிருக்கே போலிருக்கு" என்று அக்கா அவன் முதுகில் தட்டினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் நானே அவருக்கு எதிராளியானேன்.

என் ஆய்வகம் ரொம்பச் சின்னது. பிள்ளைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நெருப்புக்கும் அமிலத்துக்கும் நடுவில் நிற்பார்கள். இன்னொரு அறை வேண்டும் என்று வருடக்கணக்காக நிர்வாகக் குழுவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது. போன வருடம் திடீரென்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு அறை கிடைச்சாச்சு டீச்சர்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்த அறை என்று கேட்டேன். "அடுத்த அறைதான். இலக்கியப் பிரிவுல பிள்ளைங்க ரொம்பக் குறைவு. வர்ற வருஷத்திலேருந்து அந்தப் பிரிவையே எடுத்துடலாம்னு குழு நினைக்குது. அடுத்த கூட்டத்துல முடிவாயிடும்."

"அப்ப அக்கா?"

"ஆறாம் வகுப்புக்குப் போவாங்க. எழுத்துப் பிழை திருத்தறதும் முக்கியமான வேலைதானே?"

எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. அக்காவிடமிருந்து அந்தப் பதினோராம் வகுப்பைப் பிடுங்கினால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காக எனக்கு அறை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அமிலம் சொந்தம் பார்த்துத் தெறிக்காது. அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் கணவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆபீசில் வேலை இருக்கிறது என்று ஆபீசே இல்லாத சனிக்கிழமை மாலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆம்பிளை சாமர்த்தியம்!

அக்கா மட்டும் நிதானமாகத் தலையாட்டினார். "உனக்கு இடம் வேணும்கறது நியாயம்தான்" என்றார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு போட்டிருப்பேன். நியாயம் என்று சொல்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

சண்டையைப் பிள்ளைகள் போட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் காலையில் பள்ளிக்குள் நுழைந்தால் தலைமையாசிரியர் அறைக் கதவில் ஒரு துண்டறிக்கை ஒட்டியிருக்கிறது, முன்னால் கூட்டம். புரட்சிக்காலத்து நடையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். கொடுங்கோன்மையின் கோட்டையாம், இலக்கியத்தின் கழுத்தை நெரிக்கும் கைகளாம். நடுவில் நானும் இருந்தேன்: 'நாற்றப் புகையில் நாடாளத் துடிக்கும் அமில அரசி.' கோபத்தில் என் காதிலிருந்து நிஜமாகவே புகை வந்தது. அரசி என்றாவது போட்டார்களே என்று ஒரு மூலையில் அற்பச் சந்தோஷமும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

எழுதியது யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியதில்லை. அக்கா வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். பள்ளியில் எல்லாரும் அவளை மைக் என்றுதான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவளுக்கு மைக் தேவையில்லை. தலைமையாசிரியர் கேட்பதற்கு முன்பே முன்னால் வந்து நின்று, "நான்தான் எழுதினேன்!" என்று மாடி வரை கேட்கும்படி சொன்னாள்.

அவளையும் அக்காவையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்தவர், எதையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் பேசுவார். ஆனால் அன்று முகம் சிவந்திருந்தது. துண்டறிக்கையை மேசையில் போட்டார்.

"இதுதான் நீங்க சொல்லிக் கொடுக்கற பாடமா மேடம்? இதுக்கு எனக்கு விளக்கம் வேணும்."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முதலிலிருந்து கடைசி வரை பொறுமையாகப் படித்தார். கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டார். கொடுங்கோன்மைக்கு ஒரு கோடு, கழுத்துக்கு ஒரு கோடு, அமில அரசிக்கு இரண்டு கோடு. அடியில் பத்துக்கு இரண்டு என்று எழுதிச் சுழித்தார்.

"நான் விளக்கம் கேட்டேன். நீங்க மார்க் போடறீங்க!" என்றார் தலைமையாசிரியர்.

"மார்க்தாங்க சார் விளக்கம். இதைப் படிச்சு உங்க மனசு மாறிச்சா?"

"மாறறதாவது! இன்னிக்கே அந்த ரூமைப் பூட்டலாமான்னு இருக்கு."

"அப்ப இது துண்டறிக்கையே இல்ல" என்று அந்தப் பெண்ணைப் பார்த்தார் அக்கா. "உனக்கு ரெண்டு மார்க்கும் கையெழுத்துக்குத்தான். யார் மனசை மாத்தணுமோ அவங்க மூஞ்சியிலேயே குத்திட்டு வந்து நிக்கறே. ஆமாம் வாங்கினியா?"

மைக் குனிந்து அந்தச் சிவப்புக் கோடுகளை எண்ணினாள்.

அக்கா தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "தண்டனை கொடுங்க சார், வேண்டாம்னு சொல்லல. ஒட்டினது தப்புதான். ஆனா குழு கூடற அன்னிக்கு இவ திருத்தி எழுதினதை ஒரு தடவை வாசிக்க விடுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்." அவர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். அந்தக் கதவைச் சுரண்டிக் கழுவித் துடைப்பது தண்டனை, கூட்டத்தில் பத்து நிமிடம் வாசிக்கலாம் என்று கூட்டிக் கழித்துச் சொன்னார். வெளியே வந்ததும் அக்கா அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "நீ ஆமாம் வாங்க வேண்டிய ஆள் தலைமையாசிரியர் இல்ல. அதோ போறாங்களே, அவங்க."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரட்டும், பார்க்கலாம் என்று விறுவிறுவென்று நடந்தேன்.

வந்தாள். ஆய்வக வாசலில் நின்று, "வேதியியல் ஆசிரியைக்குப் புதிய ஆய்வகம் வேண்டும் என்று நெடுநாள் ஆசை" என்று ஆரம்பித்தாள்.

"ஆசையா? எனக்கென்ன அங்க போய்ப் படுத்துத் தூங்கணும்னு ஆசையா? போடி வெளியே!"

மறுநாள் மறுபடி வந்தாள். ஆசையை எடுத்துவிட்டு, இட நெருக்கடியால் மாணவர்கள் சிரமப்படுகிறார்கள் என்று மாற்றியிருந்தாள். சிரமம் என்றால் என்ன என்று கேட்டேன். விழித்தாள். "எழுதின உனக்கே தெரியல. கேக்கறவங்களுக்கு என்ன தெரியும்? நாளைக்கு செய்முறை வகுப்புக்கு வா. தலைமுடியை இழுத்துக் கட்டிட்டு வா. ஒரு மூலையில நில்லு. வாயைத் திறந்தே, துரத்திடுவேன்."

அவள் நின்றாள், வாயும் திறக்கவில்லை. அன்றைக்குப் பார்த்து ஒரு பையனின் முழங்கை பட்டு அமிலக் குடுவை சாய்ந்தது. பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். குடுவை அவள் நின்ற இடத்தில் விழுந்து உடைந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரையும் வெளியே நிறுத்தி, சுத்தம் செய்து, பையனைக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சி முடித்துப் பார்த்தால் மைக் இன்னும் மூலையில் நின்றுகொண்டிருந்தாள். ஆய்வகம் என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டாள். இரண்டு வாசல் வேண்டும், இரு பக்கமும் ஜன்னல் வேண்டும், குழாய் வேண்டும், ஓடி வெளியேற வழி வேண்டும் என்று கடுகடுப்பாகவே சொன்னேன். எழுதிக்கொண்டு போனவள் கூட்டம் நடந்த நாள் வரை திரும்பி வரவில்லை. ஆமாம் கேட்கவும் இல்லை.

வீட்டிலும் அந்த நாட்களில் அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. படியில் எதிர்ப்பட்டால் சாப்பிட்டாயா என்பார், சாப்பிட்டேன் என்பேன். அவர் அலமாரியில் இருந்த ஆறாம் வகுப்புப் புத்தகத்தை ஒரு நாள் பார்த்தேன். இப்போதே வாங்கி வைத்துவிட்டாரா என்று நினைத்து, பார்க்காதது போலக் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

குழு கூடியது. நிர்வாகக் குழுவுக்கென்று பள்ளியில் தனிக் கூடம் ஒன்று உண்டு. மெத்தை நாற்காலிகள், நீளமான மேசை, குளிர்சாதனம், கை கழுவ ஒரு பக்கம் தொட்டி, காற்றோட்டத்துக்கு இரு பக்கமும் ஜன்னல். மாதத்துக்கு ஒரு முறை திறப்பார்கள். குழுத் தலைவர் நடுவில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலோரமாகப் போய் நின்றார். அறை பெறப்போகிற ஆள் என்பதால் எனக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

மைக் எழுந்தாள். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் ஒரு மாணவர் கையை நீட்டினால் இன்னொரு மாணவர் மேல் படும். அதனால் அங்கே யாரும் கையை நீட்டுவதில்லை. கையை ஒடுக்கிக்கொண்டு அமிலத்தை ஊற்றுகிறார்கள். எங்கள் வேதியியல் ஆசிரியை மிகவும் கோபக்காரர் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் எழுதியிருக்கிறேன். அன்று ஒரு குடுவை விழுந்தது. அவர் ஒரு பெண்ணை இழுத்துக் காப்பாற்றினார், பிறகு கத்தினார். கத்தி முடித்ததும் அவர் கை நடுங்கியது. யாரும் பார்க்கக் கூடாது என்று அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் கேட்பது அறை இல்லை. ஒரு நாளாவது பயப்படாமல் பாடம் நடத்தக் கேட்கிறார். வருடக்கணக்காகக் கேட்கிறார். அது நியாயம். அதற்குக் குறுக்கே யார் நின்றாலும், நாங்களே நின்றாலும், தப்பு."

நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மிஸ், உங்க பக்கத்தைச் சரியா சொன்னேனா?"

என் கணவருக்குக்கூட அந்த நடுக்கம் தெரியாது. தினமும் வீட்டுக்கு வந்து குளிக்கப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அது நிற்கும்வரை உட்கார்ந்திருப்பேன். இத்தனை பேர் நடுவில் ஒரு பெண் அதைச் சொல்லிவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. "ஆமா" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன்: "ஆமா."

குழுத் தலைவர் மேசையில் கையைத் தட்டினார். "பிரமாதம்! பிள்ளைங்களே ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் என்ன, முடிஞ்சுது. அந்த ரூமை ஆய்வகத்துக்கே கொடுத்துடலாம்" என்று எழுந்தே விட்டார். மற்றவர்களும் நாற்காலியைத் தள்ளினார்கள். மிச்சக் காகிதத்தைக் கையில் பிடித்தபடி மைக் நின்றாள். எதிராளி பக்கத்தை அத்தனை நன்றாகச் சொன்னால் ஜெயித்தது எதிராளிதான் என்று கூட்டம் கலைந்துவிடும் என்பதை அக்காவின் பாடத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்து நின்றார். இருபது வருடத்துக்கு மேல் பேசிய வாய். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்லவில்லை.

அவர் சொல்லாவிட்டால் என்ன, எனக்கு வாய் இல்லையா?

"உட்காருங்க சார்!" என்று கத்தினேன். ஆய்வகத்தில் கத்துகிற அதே கத்தல். "எங்க கிளம்பறீங்க? அந்தப் பொண்ணு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல! இது வரைக்கும் சொன்னது என் பக்கம். அவ பக்கம் எங்க? அதைக் கேக்காம யாரும் நகரக் கூடாது."

தலைவர் பொத்தென்று உட்கார்ந்தார். தலைமையாசிரியர் குனிந்து எதையோ தேடினார், சிரிப்பை மறைக்கத்தான்.

மைக் மூச்சு வாங்கிக்கொண்டு வாசித்தாள். "இலக்கிய அறைக்கு ஒரே வாசல். பின்பக்கம் அடுத்த கட்டிடம் ஒட்டி நிற்பதால் ஜன்னல் இல்லை. குழாய் இல்லை. நடுச் சுவரை இடிக்கவும் முடியாது, மாடி அதன் மேல்தான் நிற்கிறது. அங்கே குடுவை விழுந்தால் ஆசிரியை எந்த வழியாகப் பிள்ளைகளை வெளியேற்றுவார்? பயத்தை இரண்டு அறையாகப் பெருக்கிக் கொடுப்பது அவருக்கு நியாயம் செய்வதாகாது. இந்தப் பள்ளியில் இரண்டு வாசலும் இரு பக்க ஜன்னலும் தண்ணீர்க் குழாயும் உள்ள அறை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதில்தான் நாம் இப்போது உட்கார்ந்திருக்கிறோம்."

எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அட, எனக்கே தோன்றாமல் போனதே!

"எங்கள் பிரிவில் நாங்கள் குறைவுதான்" என்று கடைசிப் பத்தியை வாசித்தாள். "ஆனால் ஒருவரைத் திட்டிவிட்டு வந்த நான், அவர் முன்னால் நின்று அவர் நியாயத்தைச் சொல்லக் கற்றுக்கொண்டது அந்த அறையில். இன்னும் இரண்டு வருடம் கழித்து இங்கே படிக்க வருகிறவர் அதை எந்த அறையில் கற்பார் என்று மட்டும் சொல்லுங்கள்." காகிதத்தை மடித்து உட்கார்ந்துவிட்டாள்.

தலைவர் என்னைத்தான் பார்த்தார். "ஆய்வகம் உங்களுக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கு ஆய்வகம் வேணும் சார். கேக்கறதை விட மாட்டேன். ஆனா அந்த ரூம் வேண்டாம். அது வகுப்பு. இந்தக் கூடத்தைக் கொடுங்க."

குழுவில் இருந்த அம்மா ஒருவர் முதலில் கையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்துத் தூக்கினார். தலைவர் தன் மெத்தை நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே, "இத்தனை நாற்காலியையும் தூக்கிட்டுப் போய் எங்க வைக்கறது?" என்று கேட்டார். தலைமையாசிரியர், "ஆசிரியர் அறையில வைக்கலாம் சார், எங்களுக்கும் முதுகு இருக்கு" என்றார். அதோடு விஷயம் முடிந்தது. இலக்கியப் பிரிவு இருக்கும், அறை இருக்கும், அக்கா அங்கேயே இருப்பார். பிள்ளைகள் தாழ்வாரத்தில் போட்ட கூச்சலில் மைக் போட்டது மட்டும் தனியாகக் கேட்டது.

மாலை நானும் அக்காவும் ஒன்றாக நடந்து வீட்டுக்கு வந்தோம். அப்படி வந்து பல நாள் ஆகியிருந்தது. நன்றி என்று சொல்வார், அழுவார், நானும் கொஞ்சம் பிகு பண்ணிக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்தேன். பேருந்து நிறுத்தம் தாண்டியதும் அவர் கேட்டது என்ன தெரியுமா?

"ஏம்மா, எந்த வரியில உனக்கு மனசு மாறிச்சு? ரெண்டு வாசல்னு சொன்னாளே, அங்கயா? கடைசிப் பத்தியிலயா?"

வாத்தியாரம்மா புத்தி எங்கே போகும்!

"ரெண்டும் இல்லக்கா" என்றேன். "அவ உங்க பக்கம் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. என் கை நடுங்கினதைச் சொன்னாளே, அப்பவே. என்னை அவ்வளவு தூரம் பார்த்த பொண்ணு அடுத்து என்ன கேட்டாலும் கேக்கணும்னு ஆயிடுச்சு."

அக்கா நடையை நிறுத்திவிட்டார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நிஜமாவா?"

"பொய் சொல்ல எனக்கென்ன வந்தது?"

"இல்ல..." என்று கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷமா வகுப்புல சொல்லிட்டேதான் இருக்கேன். எதிராளியை முதல்ல புரிஞ்சுக்கோ, அங்கதான் மனசு மாறும்னு. சொல்வேனே தவிர, அப்படி நிஜமாவே நடக்குமான்னு எனக்குத் தெரியாதும்மா. எழுதினவங்க எல்லாரும் செத்துப்போனவங்க. எந்த ராஜாவும் எந்த மந்திரியும் வந்து, ஆமா, இங்கதான் மாறினேன்னு என்கிட்ட சொன்னதில்லையே."

"இப்ப அமில அரசி வந்து சொல்லியாச்சு. போதுமா?"

நடுத்தெருவில் நின்றுகொண்டு அவர் சிரித்த சிரிப்பும் அழுத அழுகையும்! எல்லாரும் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு நெஞ்சு நிறைந்து இருந்தது. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும், இவர் என் நாத்தனார் என்று நினைத்துக்கொண்டேன்.